புது வண்டியில் லூஸ் போல்ட்: ஷோரூமுக்கே திரும்பக் கொண்டு போவதா, நாமே ஸ்பானர் எடுப்பதா?

வண்டி எடுத்த நாலாவது நாள், சிக்னலில் நிற்க முன் பிரேக்கைப் பிடித்தபோது ஹேண்டில்பாருக்குக் கீழே எங்கோ ஒரு 'டக்'. காதில் விழுந்ததைவிட உள்ளங்கையில் தட்டியதுதான் அதிகம். ரோட்டில் ஏதோ மேடு பள்ளம் என்று விட்டுவிட்டேன். அடுத்த சிக்னலிலும் டக். வீட்டுக்கு வந்து, வண்டி மேல் உட்கார்ந்தபடியே முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, இடது கை விரலை ஹேண்டில் கிளாம்ப்புக்கும் வண்டியின் சட்டத்துக்கும் (ஃபிரேம்) நடுவில் உள்ள இடுக்கில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த இடுக்கு விரலைக் கவ்வி விட்டது. கோன்செட் லூஸ், அதாவது ஹேண்டில் திரும்புவதற்காகச் சட்டத்தின் கழுத்தில் இருக்கும் பேரிங் செட். மீட்டரில் 112 கிலோமீட்டர்.

தெரிந்தவர்களிடம் சொன்னதும் ஆளுக்கொரு யோசனை, அதுவும் அடித்துச் சொல்கிறார்கள். ஒருவர், புது வண்டியில் கை வைக்காதே, வாரண்டி போய்விடும் என்கிறார். இன்னொருவர், ஷோரூம்காரனிடம் கொடுத்தால் இருப்பதையும் கெடுத்துவிடுவான், ஒரு ஸ்பானர் வாங்கு என்கிறார். வெளி மெக்கானிக்கிடம் காட்டச் சொல்பவர் ஒருவர், முதல் சர்வீஸில் எல்லாம் சரியாகிவிடும் என்பவர் ஒருவர். வண்டியையே திருப்பிக் கொடு என்று கொதிக்கிறவரும் உண்டு. எல்லோர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, சிக்கலே அதுதான். என் அனுபவத்தில், 'இந்த வண்டியை என்ன செய்வது' என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு கோளாறுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரே வண்டியில் ஒன்றை நீங்களே முடிப்பீர்கள், ஒன்றை ஷோரூமுக்குத் தள்ளுவீர்கள், ஒன்றை ஆயிரம் கிலோமீட்டர் வரை கண்டுகொள்ளவே மாட்டீர்கள்.

அதற்கு முன்னால், நாம் 'ஃபேக்டரி ஃபால்ட்' என்று சொல்வதில் பாதி ஃபேக்டரியில் நடந்ததே இல்லை. நிறைய வண்டிகள் பெட்டியில் அடைத்து அரைகுறையாகத்தான் ஷோரூமுக்கு வருகின்றன. கண்ணாடி, ஹேண்டில்பார், பேட்டரி, சில மாடல்களில் முன் சக்கரம்கூட அங்கேதான் மாட்டப்படும். முழுதாக லாரியில் வரும் வண்டியை ஹேண்டில்பாரிலோ ஃபோர்க்கிலோ பட்டை போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள், நீண்ட பயணத்தில் அது எதையாவது கொஞ்சம் திருக வாய்ப்புண்டு. டயரில் காற்றை வழக்கத்தைவிட அதிகம் ஏற்றி அனுப்பியிருப்பார்கள், டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க மறப்பதும் நடக்கும். புது வண்டி கல்லுக் கல்லாகக் குதிக்கிறது என்று சஸ்பென்ஷனைத் திட்டுகிறவர்கள் முதலில் ஒரு பிரஷர் கேஜை எடுத்துப் பார்க்கட்டும். டெலிவரிக்கு முந்தின சாயங்காலம் மூன்று வண்டியை ஒன்றாகத் தயார் செய்த பையனின் அவசரம்தான் பல நேரம் நம் கைக்கு வருகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தவறு யார் கையில் நடந்ததோ அதே கையிடம்தான் திருத்தச் சொல்லிக் கொடுக்கப் போகிறோம்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். சில போல்ட்டுகளில் இறுக்கி முடித்ததற்கு அடையாளமாகத் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை ஒரு பெயின்ட் கோடு இழுத்திருப்பார்கள். அந்தக் கோடு நடுவில் விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பானர் போட்டுவிட்டால் அந்தச் சாட்சி போச்சு. மீட்டர் எண் தெரிகிற மாதிரி ஒரு படம், சத்தம் கேட்கிற மாதிரி ஒரு சின்ன வீடியோ, அது போதும்.

சரி, ஷோரூம். இலவசம், பாகம் வேண்டுமென்றால் அவர்களே வரவழைப்பார்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த லாபம். எனக்குப் பெரிதாகப் படுவது காகிதம். இன்ன தேதியில், இத்தனை கிலோமீட்டரில், இந்தக் கோளாறோடு வண்டி வந்தது என்று அவர்கள் புத்தகத்திலேயே எழுதிவைப்பது. அதே கோளாறு மூன்றாவது தடவை வந்தால், அல்லது வாரண்டி முடிந்த பிறகு அதன் விளைவாக வேறொன்று உடைந்தால், அன்றைக்குப் பேசப்போவது அந்தக் காகிதம்தான். நீங்களே நல்லபடியாகச் சரிசெய்த வேலைக்கு இந்த மாதிரிப் பதிவு எங்கேயும் இருக்காது.

நஷ்டம் என்ன என்பதை என் கதையிலேயே சொல்கிறேன். முதல் தடவை போனபோது 'ஹேண்டில்ல சத்தம் வருது' என்றேன். ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன், அது என் முட்டாள்தனம். சாயங்காலம் வண்டி பளபளவென்று கழுவித் துடைத்து வந்தது. கேட்டைத் தாண்டிப் பிரேக் பிடித்தேன், டக். நாலு நாள் ஓடிய வண்டியை எதற்குக் கழுவினார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

இரண்டாம் தடவை வேறு மாதிரிப் போனேன். 'முன் பிரேக் பிடித்தால் கோன்செட்டில் ஆட்டம் தெரிகிறது, இறுக்கிவிட்டு எனக்குக் காட்ட வேண்டும்' என்று நான் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். கவுன்டரில் இருந்தவர் 'எல்லா வண்டியும் இப்படித்தான் சார் இருக்கும்' என்று ஆரம்பித்தார். அவரோடு வாதாடவில்லை. உள்ளே போய் மெக்கானிக்கிடம், 'அண்ணே, நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து விரல் வச்சுப் பாருங்க' என்றேன். உட்கார்ந்தார், பிரேக்கைப் பிடித்தார், ஆட்டினார். முகம் மாறியது. வேறு பேச்சே இல்லாமல் கொக்கி ஸ்பானரை எடுக்கப் போய்விட்டார். கவுன்டரில் பேசுவதைக் குறைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் கையில் கோளாறைக் காட்டுங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சத்தம் போய்விட்டது, மறுநாள் வேறொன்று வந்தது. மெதுவாகப் போகும்போது வண்டி நேராகப் போக மறுத்தது, நடை வேகத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நூல் பிடிக்காமல் அலைந்தது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவைத்து ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தட்டினேன். சரியாக இருந்தால் அது தன் எடையிலேயே ஒரு பக்கம் சாய்ந்து விழ வேண்டும். இது தட்டிய இடத்தில் அப்படியே நின்றது. லூஸை எடுக்கப் போய் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார். இறுகிய கோன்செட் லூஸானதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். சத்தமே போடாது, பேரிங்கின் பாதையில் குழி விழுந்து, நடுவில் ஹேண்டில் ஒரு பள்ளத்தில் உட்கார்வது போல ஆன பிறகுதான் தெரியும். அப்போது முழு செட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

இதைப் பார்த்துவிட்டு இனி எல்லாம் நானே என்று இறங்குகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். நாமே செய்வதன் பெரிய லாபம், நம்மைவிட அக்கறையாக நம் வண்டியை வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். கண்ணாடி, பிரேக் கிளட்ச் லீவரின் கோணம், கிளட்ச் கேபிள் ஃப்ரீ பிளே (லீவர் பிடிப்பதற்கு முன் உள்ள தளர்வு), பேட்டரி டெர்மினல், ஃபுட்ரெஸ்ட், நம்பர் பிளேட் போல்ட், டயர் பிரஷர், செயின் டென்ஷன், இதற்கெல்லாம் யாரையும் தேடி அரை நாள் வீணாக்க வேண்டாம். இவற்றில் பலவற்றை வண்டியோடு வரும் கையேடே நம்மைச் செய்யச் சொல்கிறது. அப்படிச் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்ததற்காக வாரண்டியை மறுப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் செய்யும்போது மரையை, அதாவது போல்ட் திருகி ஏறும் புரியை, கெடுத்தால் அது நம் கணக்கு.

மரை என்றதும் ஞாபகம் வருகிறது. லூஸ் போல்ட்டைப் பார்த்த கோபத்தில் இறுக்குகிறவன்தான் அலுமினியத்தில் மரையை உரித்துவிடுவான். எம் 6 (6 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுக்கு வழக்கமான இறுக்கம் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். சின்ன எல் கீயை இரண்டு விரலால் இழுத்தாலே கிட்டத்தட்ட அது வந்துவிடும். எம் 8 என்றால் 20லிருந்து 25. பின் ஆக்சில் நட்டு பல வண்டிகளில் 60லிருந்து 100 வரைகூடப் போகும். இந்த மூன்றையும் ஒரே 'நல்லா டைட்டு' என்ற கணக்கில் இறுக்கினால் முதலாவது உரியும், மூன்றாவது கழலும். அதனால் டார்க் ரென்ச், அதாவது வைத்த அளவுக்கு இறுகியதும் 'கிளிக்' என்று சொல்லும் ஸ்பானர், இல்லாமல் சக்கரம், பிரேக் பக்கம் போகாதீர்கள். சின்ன போல்ட்டுக்கு ஒன்று, பெரிய நட்டுக்கு ஒன்று என இரண்டு வேண்டும். 100 வரை போகிற ரென்ச்சில் 10ஐ வைத்து இறுக்கினால் 'கிளிக்' எப்போது வந்தது என்றே தெரியாமல் போய்விடும். கையேட்டில் கொடுத்திருக்கும் எண், வேறு சொல்லாதவரை, காய்ந்த சுத்தமான மரைக்கானது. கிரீஸ் தடவிவிட்டு அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் நினைத்ததைவிட அதிகமாக இழுபடும். போல்ட் தானாகக் கழலாமல் இருக்க மரையில் தடவும் பசையான திரெட் லாக் போடுவதாக இருந்தால் நீலம் போதும். சிவப்பு போட்டால் பிறகு கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடு காட்ட வேண்டியிருக்கும், பிளாஸ்டிக்கும் வயரும் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அது நடக்கிற காரியமா?

செயினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புது வண்டியில் செயின் லூஸாக இருப்பதைவிட இறுக்கமாக இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதை யாரும் குறையாகவே நினைப்பதில்லை. நீங்கள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்கார்மின் அச்சு, பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வரும். அந்த நிலையில்தான் செயினுக்கு அதிக நீளம் தேவை. ஸ்டாண்டில் நிற்கும்போதே இறுகியிருந்தால் அந்த நேரத்தில் அது கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கும், அங்கேயுள்ள பேரிங்கும் சீலும் மெல்ல மெல்லப் போகும். செயின் மேலும் கீழும் எவ்வளவு ஆட வேண்டும் என்ற அளவு ஸ்விங்கார்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், ரோட்டில் ஓடும் பல வண்டிகளுக்கு 25லிருந்து 35 மில்லிமீட்டர் அளவில். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளந்து பாருங்கள். சக்கரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஸ்விங்கார்மின் இரண்டு பக்கமும் உள்ள கோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், அவையே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதுண்டு.

என் வரையில் கைவைக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. பிரேக் ஹோஸ் இணைப்பில் கசிவு, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் லீவர் பஞ்சு போல அமுங்குவது, இன்ஜின் கேஸிங் ஓரத்தில் எண்ணெய் கசிவது, ஃபோர்க் சீல். பிரேக் லைனில் காற்றெடுக்கச் சில ஏபிஎஸ் மாடல்களுக்குக் கம்ப்யூட்டரை மாட்டி உள்ளே இருக்கும் வால்வைத் திறக்க வேண்டியிருக்கும், வீட்டில் எத்தனை தடவை லீவரைப் பிசைந்தாலும் அந்தக் காற்று வெளியே வராது. கோன்செட்டையும் இந்தப் பட்டியலில்தான் வைத்தேன். கொக்கி ஸ்பானர் இல்லாமல் சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்து நட்டைத் தட்டித் தட்டித் திருப்புகிற வித்தை எனக்கும் தெரியும். ஆனால் புது வண்டியின் நட்டில் அந்தத் தழும்பு விழுந்த பிறகு ஷோரூமில் என்ன நியாயம் பேச முடியும்?

வெளி மெக்கானிக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரண்டி இருக்கும்வரை அவருடைய கண்ணுக்கும் காதுக்கும் கூலி கொடுங்கள், கைக்கு வேண்டாம். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு 'பின் சக்கரம் கோணலா இருக்கு' என்று அவர் சொல்வது, நாம் ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடிப்பதைவிட நம்பகமானது. அவர் ஒன்றைத் திறந்துவிட்டால் மட்டும், பிறகு எது கெட்டாலும் ஷோரூம் அவரை நோக்கிக் கையைக் காட்டும், அவர் ஷோரூமை நோக்கிக் காட்டுவார், நடுவில் நாம் நிற்போம்.

முதல் சர்வீஸ் வரை பொறுத்திருப்பது சோம்பேறி வழி போலத் தெரிந்தாலும் சிலவற்றுக்கு அதுதான் சரி. 500லிருந்து 1000 கிலோமீட்டரில் வரும் அந்தச் சர்வீஸ் இருப்பதே புதுப் பாகங்கள் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை சரிபார்க்கத்தான். சைலென்ஸர் நட்டுகள் சூடாகி ஆறி, சூடாகி ஆறிக் கொஞ்சம் தளரும். கோன்செட்டும் பேரிங் பாதையில் படிந்து லேசாக லூஸாகும், அது இயல்பு. பேனல் கடகடப்பு, சீட் லாக் முரண்டு, ஸ்டிக்கர் கோணல், இதெல்லாம் ஒரு தாளில் எழுதிவைத்து ஒரே நாளில் கொடுத்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் அலைய வேண்டாம். ஆனால் பிரேக், சக்கரம், ஹேண்டில், பெட்ரோல் வாசனை, இந்த நாலில் ஒன்று என்றால் 'சர்வீஸ் வரட்டும்' என்ற பேச்சே கூடாது. 112 கிலோமீட்டரிலேயே விரலுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் 'படிந்து லூஸாவது' என்ற கணக்கிலும் வராது.

இதற்கு நடுவே எல்லோரும் மறக்கிற ஒன்று உண்டு. சட்டத்தில் பொறித்திருக்கும் 17 எழுத்து எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, உங்கள் வண்டிக்கு ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோளாறில் நாமா ஷோரூமா என்ற ஒப்பீட்டுக்கே வேலையில்லை, அது அவர்கள் செலவில் அவர்களே செய்ய வேண்டிய வேலை.

வண்டியையே திருப்பிக் கொடுப்பது. கோபத்தில் எடுக்கும் முடிவாக இருந்தால் வேண்டாம், கணக்குப் போட்டு எடுப்பதாக இருந்தால் தாமதிக்காதீர்கள். சட்டம் கோணல், இன்ஜின் கேஸில் விரிசல், அல்லது உயிருக்கு ஆபத்தான ஒரே கோளாறு இரண்டு மூன்று தடவை பார்த்தும் தீரவில்லை என்றால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் வந்து வந்து போகும் வயரிங் கோளாறையும் சேர்ப்பேன். நண்பர் ஒருவரின் வண்டி இடது பக்கம் முழுசாக ஹேண்டிலை ஒடித்தால் மட்டும் நின்றுபோகும். நேராக்கினால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஷோரூமில் நேராக நிறுத்தி, கம்ப்யூட்டர் மாட்டி, 'ஒரு எரரும் இல்லை' என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பார்த்தால் வயர்க்கட்டு, ஹேண்டில் முட்டி நிற்கும் இடத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்துக்கும் நசுங்கிக்கொண்டிருந்தது. அவர் வண்டியை மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்ட பிறகுதான் ஒருத்தர் டேங்கையே தூக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அதற்கான நாள் கணக்கும் நாட்டுக்கு நாடு மாறும், பல இடங்களில் அது குறுகியது. ஆகவே 'இன்னும் ஒரு தடவை பார்க்கலாம்' என்று வாயால் பேசியே நாளை ஓட்டாமல், முதல் தடவையிலிருந்தே எழுத்தில் வையுங்கள். ஓட்டவே முடியாது, ஆபத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே வண்டியைத் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தால் உங்கள் பேச்சை யார் நம்புவார்?

இப்போது எனக்கு ஒரு கோளாறு தெரிந்தால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஓடும்போது இது விட்டுவிட்டால் நான் விழுவேனா? நான் கைவைத்துத் தவறினால் பழையபடி வைக்க முடியுமா? விழமாட்டேன், வைக்க முடியும் என்றால் அன்றைக்கே நானே. விழுவேன் என்றால் அன்றைக்கே ஷோரூம், தூரம் அதிகமென்றால் ஓட்டிக்கூடப் போகாமல் அவர்களையே வந்து ஏற்றிப் போகச் சொல்லிவிடுவேன். விழமாட்டேன், ஆனால் பழையபடி வைக்கவும் முடியாது என்கிற கோளாறில்தான் தயக்கம் வரும், இன்ஜின் ஓரத்தில் எண்ணெய் வேர்ப்பது மாதிரி. அதைத் துடைத்து, போட்டோ எடுத்து, எழுதிக் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை அதே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மூன்றாம் தடவை போனபோது ஜாக்கில் முன் சக்கரத்தைத் தூக்கி, அதே மெக்கானிக் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஒவ்வொரு தடவையும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார், பிறகு ஹேண்டிலைத் தட்டினார். மூன்றாவது தட்டலில் அது தானாகச் சாய்ந்து போய் இடது ஓரத்தில் மெல்ல முட்டி நின்றது. 'போதுமா சார்?' என்றார். நானும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் போதும் என்றேன். வலது பக்கக் கண்ணாடி டெலிவரி அன்றிலிருந்தே லூஸ்தான். அதை அவரிடம் சொல்லவில்லை, வாசலுக்கு வந்து சீட்டுக்கடியில் இருந்த ஸ்பானரை எடுத்து நானே இறுக்கிக்கொண்டு கிளம்பினேன்.